இத்தாலியக் கவிதை – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

வேலை நிமித்தம் நெதர்லாந்தில் இருக்கிறேன். ராட்டர்டாம் கவிதை விழாவுக்கு ஒரு நண்பர் அழைத்துப் போனார். இன்றைய இத்தாலியக் கவிஞர் ஒருவர் வாசித்தார். பின்னால் திரையில் மொழிபெயர்ப்பு ஓடியது. காலி பிரிட்ஜ், தலைவலி, வராத தொலைபேசி அழைப்பு, இவ்வளவுதான். அரங்கம் சிரித்தது, எனக்கு ஏமாற்றம். மொந்தாலேயையும் குவாசிமோதோவையும் மொழிபெயர்ப்பில் படித்து வளர்ந்தவன் நான். அவர்களுக்குப் பிறகு இத்தாலியக் கவிதை இவ்வளவு சுருங்கிவிட்டதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்தப் பிரிட்ஜைக் கவிதைக்குள் கொண்டுவந்ததில் உங்கள் மொந்தாலேவுக்கே பெரிய பங்கு உண்டு. 1963இல் மனைவி இறந்த பின் அவர் எழுதி, 1971இல் வந்த தொகுப்பில் சேர்ந்த சிறு கவிதைகளைத் தேடிப் படியுங்கள். ஒன்றில், ஷூவுக்குள் குதிகாலை நுழைக்க வைத்திருந்த துருப்பிடித்த தகரத் துண்டை வெனிஸ் ஓட்டலில் மறந்துவிட்டு வந்ததற்காக வருந்துகிறார். பணிப்பெண் அதைக் கால்வாயில் வீசியிருப்பாள் என்கிறார். மனைவியைப் பற்றி நேரடியாக ஒரு புலம்பலும் கிடையாது, தகரத் துண்டுதான் பேசுகிறது. நோபல் பரிசு 1975இல் வந்தது, அதாவது இதையெல்லாம் எழுதிய பிறகு.

சரி, அரங்கம் ஏன் சிரித்தது? பத்ரீட்சியா கவல்லி என்ற இத்தாலியப் பெண் கவிஞரை எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் இறந்தார். 1974இல் வந்த முதல் தொகுப்பில் ஆறே வரியில் ஒரு கவிதை. 'உன் கவிதைகள் நிச்சயம் உலகத்தை மாற்றாது' என்று யாரோ சொல்கிறார்கள். 'நிச்சயமாக, ஆமாம்' என்று கவிஞர் பதிலைத் தொடங்குகிறார். சண்டைக்கு வருகிறார் என்று நாம் நிமிர்ந்து உட்காரும்போது, 'என் கவிதைகள் உலகத்தை மாற்றாது' என்று முடித்துவிடுகிறார். ஒப்புக்கொண்டது மாதிரியும் இருக்கிறது, சவால் விட்டது மாதிரியும் இருக்கிறது. இதற்குச் சிரிக்காமல் எப்படி இருப்பது? இப்படி எழுதியவர் ஷேக்ஸ்பியர் நாடகங்களை மேடைக்காக மொழிபெயர்த்தவர். பேச்சு மாதிரி ஒலிக்கும் அந்த வரிகளுக்கு அடியில் பழைய யாப்பின் தாளம் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் திரையில் வருவது பேச்சு மட்டும்தான்.

உங்கள் ஏமாற்றத்தில் நியாயமான பாதி இங்கேதான் இருக்கிறது. வெளிநாட்டு விழா மேடை, திரையில் ஓட்டக்கூடிய கவிதைக்குச் சாதகமானது. சின்னதாக, தெளிவாக, கடைசி வரியில் ஒரு திருப்பத்தோடு இருந்தால் எந்த மொழியிலும் கைதட்டல் கிடைக்கும். அந்த மேடையில் ஃபிராங்கோ லோய் மாதிரி ஒரு கவிஞர் என்ன செய்வார்? ஜெனோவாவில் பிறந்து, மிலானில் வளர்ந்து, மிலான் வட்டார மொழியில் எழுதியவர். மற்ற ஊர் இத்தாலியர்களுக்கே பக்கத்தின் அடியில் பொது இத்தாலிய மொழியில் பொருள் தர வேண்டியிருந்தது. அந்த உரசலில்தான் அவருடைய கவிதை இருக்கிறது. அதை டச்சிலோ ஆங்கிலத்திலோ ஓட்டினால் வழவழவென்று ஒரே மொழியாகிவிடும். இன்று அந்தோனெல்லா அனெத்தா சார்டீனியத் தீவின் மொழியில் எழுதும் கவிதைகளுக்கும் இதே கதிதான்.

விழாக்காரர்கள் எல்லோரும் சுலபமானதையே தேடுகிறார்கள் என்றும் சொல்ல மாட்டேன். வட மாசிடோனியாவில், ஓஹ்ரித் ஏரியிலிருந்து திரீம் ஆறு புறப்படும் இடத்தில் ஸ்ட்ரூகா என்று ஒரு சிற்றூர். அங்கே நடக்கும் கவிதை விழாவில் பாலத்தில் நின்று கவிஞர்கள் வாசிப்பார்கள், கரையில் கூட்டம் கேட்கும். அந்த விழாவின் பரிசான பொன்மாலை 1973இல் மொந்தாலேவுக்கும் (நோபலுக்கு முன்பே!), 1983இல் நம் இந்திக் கவிஞர் அக்ஞேயாவுக்கும் போனது. 2000இல் இன்னொரு இத்தாலியக் கவிஞர் எதொவார்தோ சங்கினேத்திக்கு. அவரோ இத்தாலியர்களையே திணற வைத்தவர். முதல் தொகுப்பில் லத்தீனும் பிற மொழிகளும் கலந்து, தொடர்களை உடைத்துப் போட்டு எழுதியவர். அவருக்கு மாலை போட ஒரு துணிச்சல் வேண்டும்.

அடுத்த முறை போனால் முதல் இரண்டு கவிதைகளுக்குத் திரையைப் பார்க்காதீர்கள். மூச்சு எங்கே நிற்கிறது, எந்தச் சொல்லை இழுக்கிறார் என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் வீட்டில் கவல்லியிலிருந்தே தொடங்கலாம். 2013இல் அவருடைய தேர்ந்தெடுத்த கவிதைகள் ஆங்கிலத்தில் நூலாக வந்தன. ஜோரி கிரகாம், மார்க் ஸ்ட்ராண்ட் போன்ற கவிஞர்களே அதில் மொழிபெயர்த்திருக்கிறார்கள். அதை முடித்துவிட்டு எழுதுங்கள், வலேரியோ மக்ரெல்லி என்ற இன்னொரு இத்தாலியக் கவிஞரைப் பற்றிப் பேசுவோம்.