மாடி போர்ஷனும் 377ம்

வணக்கம் தம்பி,

எங்க வீடு தண்டையார்பேட்டையில. என் பொண்ணு போன்ல நீங்க எழுதறதைப் படிச்சுக் காட்டுவா. என் பேரைப் போடாதீங்க.

மாடி போர்ஷன்ல ரெண்டு பசங்க குடியிருக்காங்க. ஒருத்தனுக்கு மணலி பக்கம் கம்பெனி வேலை, இன்னொருத்தன் லேப் டெக்னீசியன். முப்பதை ஒட்டின வயசு. ஒரு சத்தம் கித்தம் கிடையாது, அஞ்சாம் தேதி வாடகை வந்துடும். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில இருந்தப்ப ராத்திரி மாத்தி மாத்தி உட்கார்ந்ததும் அவங்கதான். இப்ப எதிர்வீட்டுக்காரர், “அவனுங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டி மாதிரி இருக்கானுங்க. 377ல உள்ள போவானுங்க, வீடு குடுத்த நீயும் சேர்ந்து போவே”ன்றாரு. தெருவுல கையெழுத்து வாங்கி ஸ்டேஷன்ல மனு குடுக்கப் போறாங்களாம். கேஸ் ஆகுமா தம்பி? அட்வான்ஸைக் குடுத்துக் காலி பண்ணச் சொல்லிடலாமா?

— ஒரு வாசகி

அன்புள்ள அக்கா,

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாடியில் குற்றம் எதுவும் நடக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் சொல்லும் 377 என்பது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் ‘இயற்கைக்கு மாறான’ உறவு குற்றம் என்று சொன்ன பிரிவு. வயது வந்த இரண்டு பேர், இருவருடைய சம்மதத்தோடும், தங்கள் வீட்டுக்குள் எப்படி வாழ்கிறார்கள் என்பதில் போலீசுக்கு வேலை இல்லை. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2018 செப்டம்பர் 6 அன்று இதை ஒருமனதாகச் சொன்னார்கள். அதோடு முடியவில்லை. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டமே போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. புதுச் சட்டத்தில் மொத்தமே 358 பிரிவுகள்தான். எதிர்வீட்டுக்காரர் சொல்லும் நம்பரே அதில் கிடையாது.

உங்களையும் சேர்த்து உள்ளே போடுவார்கள் என்பதும் வெறும் மிரட்டல்தான். வீட்டை வாடகைக்கு விட்டவரைத் தண்டிக்கிற சட்டம் ஒன்று உண்டு, 1956ஆம் வருடத்து விபச்சாரத் தடுப்புச் சட்டம். காசு வாங்கிக்கொண்டு பாலியல் தொழில் நடத்தும் இடத்துக்கு, தெரிந்தே வீடு கொடுப்பவர் மீது அது பாயும். இரண்டு பேர் சம்பாதித்து, சமைத்து, ஒன்றாகக் குடியிருக்கும் வீட்டுக்கும் அந்தச் சட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. 2019ல் கோவையில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டில் சோதனை போட்டு, கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் இருந்தார்கள் என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி சீல் வைத்தார்கள். கல்யாணமாகாதவர்கள் ஒரே அறையில் தங்குவதைக் குற்றம் என்று சொல்லும் சட்டம் எதுவும் இல்லை என்று சொல்லி, சீலை எடுக்க உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றம். ஆணும் பெண்ணும் என்றாலும், இரண்டு ஆண்கள் என்றாலும் சட்டம் ஒன்றுதான்.

அப்படியானால் எதிர்வீட்டுக்காரருக்கு இந்த நம்பர் மட்டும் எப்படி இவ்வளவு நன்றாக ஞாபகம் இருக்கிறது? இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் 1860ல் போட்ட சட்டம் அது, 1862ல் அமலுக்கு வந்தது. 2009ல் டெல்லி உயர் நீதிமன்றம், சம்மதத்தோடு நடப்பது குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்னது. 2013ல் உச்ச நீதிமன்றமே அந்தத் தீர்ப்பைத் தூக்கிப் போட்டது. அதற்கு அது சொன்ன காரணங்களில் ஒன்று, 150 வருடங்களில் 200 பேர்கூட இந்தப் பிரிவில் வழக்கைச் சந்திக்கவில்லை என்பது. எனக்கு இன்றைக்கும் ஆறாத வரி அது. கோர்ட்டு வரைக்கும் போன கணக்கு அவ்வளவுதான். ஸ்டேஷன் வாசலிலேயே முடிந்துபோனவற்றை யார் எண்ணினார்கள்? செல்போனைப் பிடுங்கி “வீட்டு நம்பரைச் சொல்லு” என்பது, பர்ஸில் இருப்பதை எடுத்துக்கொண்டு விடுவது, ராத்திரி முழுக்க உட்கார வைப்பது, இதற்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். எதற்கு? அந்த நம்பரை வாயால் சொன்னாலே போதும், காரியம் நடந்தது. சென்னையில் ஒரு திருநங்கையைத் திருட்டுச் சந்தேகத்தில் கொண்டுபோய், ஸ்டேஷனில் பாலியல் கொடுமை செய்ததில் அவர் தீக்குளித்து இறந்தார். அவர் குடும்பத்துக்கு இழப்பீடு தரச் சொல்லி 2007ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. டெல்லி நீதிபதிகள் 2009 தீர்ப்பில் இந்தச் சம்பவத்தையும் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

2018க்குப் பிறகும் பழைய பழக்கம் அப்படியே போய்விடவில்லை. நம் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில், தெரிந்த பையனுக்காக ஒரு சாயங்காலம் போய் உட்கார்ந்திருந்தேன். வழக்கு இல்லை, ரசீது இல்லை. ஒரு வெள்ளைத் தாளில் “இனிமேல் இப்படிப்பட்ட சேர்க்கை வைத்துக்கொள்ள மாட்டேன்” என்று அவன் கையாலேயே எழுதச் சொன்னார்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று அந்தத் தாளில் ஒரு வார்த்தை கிடையாது. கீழே அவன் கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் அவனுடைய அப்பா கையெழுத்து. அந்த மனுஷனுக்குப் பேனா எழுதவில்லை, எஸ்.ஐ. தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். உங்கள் தெருக்காரர்களும் இந்த மாதிரி ஒரு தாளைத்தான் எதிர்பார்க்கிறார்கள். கேஸ் நிற்காது என்பது அவர்களில் சிலருக்கே தெரிந்திருக்கும்.

ஆனால் போலீசையும் இப்போது கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் சென்னைக்கு வந்து சேர்ந்து வாழ, பெற்றோர்கள் காணவில்லை என்று புகார் கொடுத்த வழக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. தனக்கு இந்த விஷயத்தில் புரிதல் போதவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, மனநல ஆலோசகரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதினார் அவர். 2021 ஜூன் 7ஆம் தேதி உத்தரவு அது. இப்படிப்பட்ட காணவில்லைப் புகாரில், இருவரும் வயது வந்தவர்கள், சம்மதத்தோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு எதுவும் கொடுக்காமல் புகாரை முடித்துவிட வேண்டும் என்கிறது. அடுத்த வருடமே தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதிகளைத் திருத்தி, தன்பால் ஈர்ப்புள்ளவர்கள், திருநர்கள் போன்றவர்களைத் துன்புறுத்துவதை ஒழுங்குமீறல் ஆக்கியது. ஒரு நீதிபதி, இத்தனை படித்தவர், எனக்குத் தெரியாது, கேட்டுக்கொள்கிறேன் என்று சொன்னது நம் ஊர் கோர்ட்டில், பாரிமுனையில் நடந்தது. எனக்கு அதில் பெருமை உண்டு.

மனு போனால் என்ன செய்வது? அந்தப் பசங்களிடம் இன்றைக்கே விஷயத்தைச் சொல்லுங்கள். தெரியாமல் மாட்டிக்கொள்ள வேண்டாம். போலீஸ் வந்தால் எந்தப் புகார், எந்தப் பிரிவு, மனு ரசீது நம்பர் என்ன என்று மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சாட்சியாக விசாரிப்பதென்றால் பெண்களை ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல முடியாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரருக்கு அறுபது தாண்டியிருந்தால் அவருக்கும் அதேதான். வெள்ளைத் தாளில் யாரும் எதுவும் எழுதித் தர வேண்டாம். “சிட்டி போலீஸ் ஆக்ட் 75 போட்டுடுவேன்” என்று யாராவது சொன்னால், அது பொது இடத்தில் குடித்துவிட்டு ரகளை செய்வது, அசிங்கமாக நடந்துகொள்வது போன்றவற்றுக்கு. உங்கள் மாடி பொது இடம் கிடையாது.

எல்லாம் சரியாகிவிட்டது என்றும் நான் சொல்ல மாட்டேன். 2018 தீர்ப்பு, சம்மதம் இல்லாமல் நடப்பதற்கு 377ஐ விட்டுவைத்தது. புதுச் சட்டம் அதையும் சேர்த்து எடுத்துவிட்டதால், இன்றைக்கு ஓர் ஆணை இன்னோர் ஆண் வல்லுறவு செய்தால் அதற்கென்று தனிப் பிரிவு இல்லை. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அது பாராளுமன்றம் செய்ய வேண்டியது என்று ஒதுங்கிக்கொண்டது. பாராளுமன்றம் இதை உடனே சரிசெய்ய வேண்டும். கள்ளத்தொடர்பைக் குற்றமாக்கிய 497ம் அதே 2018 செப்டம்பரில் ரத்தானது. ஆனால் கல்யாணமான பெண்ணை ஆசைகாட்டிக் கூட்டிப்போவது குற்றம் என்ற பழைய 498, இப்போது 84ஆம் பிரிவாக உயிரோடு இருக்கிறது. மனைவி என்றால் புருஷனின் சொத்து என்ற நினைப்பு அதில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பசங்க கல்யாணம் செய்துகொள்ளவும் வழியில்லை, 2023ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆனால் 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், வீட்டில் பிடித்துவைக்கப்பட்ட ஒரு பெண்ணை, அவருடைய தோழி போட்ட ஆட்கொணர்வு மனுவில் (பிடித்துவைத்த ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு) விடுவித்தபோது, குடும்பம் அமைய கல்யாணம் ஒன்றே வழியில்லை என்று சொல்லியிருக்கிறது. நாளைக்கு அந்தப் பசங்களின் சொந்தக்காரர்கள் வந்து யாரையாவது இழுத்துப் போனால், அந்தத் தீர்ப்பு கைகொடுக்கும்.

காலி பண்ணச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம் அக்கா. நீங்கள் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தால், கோர்ட்டு ரத்து செய்த தண்டனையை உங்கள் கையால் தெரு நிறைவேற்றிக்கொள்ளும். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை என்று எங்கே போனாலும் “ரெண்டு பேரும் என்ன உறவு?” என்ற கேள்வி அவர்களுக்கு முன்னால் போய் நிற்கும். ஆஸ்பத்திரியில் ராத்திரி உட்கார்ந்தார்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. உங்களைப் பார்த்து மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களாக இருந்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன். வாடகை பாக்கி, வீட்டைச் சேதம் பண்ணுவது என்று நியாயமான காரணம் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். அதற்கும் வாடகை நீதிமன்றம் இருக்கிறது.

இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற நம்பர். மனு கொடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தால் ரசீது நம்பரோடு எனக்கு உடனே எழுதுங்கள். தெரிந்த வக்கீல் ஒருவர் ராயபுரத்தில் இருக்கிறார், அவரை அழைத்துக்கொண்டு நானே வருகிறேன்.