எல்லா இளைப்பும் ஆஸ்துமா அல்ல: டிரசரிடம் கேளுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் டிரசராக, அதாவது தோட்ட மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நெஞ்சு, சளி, மூச்சு பற்றிய கேள்விகளை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தேன். வந்த துண்டுச்சீட்டுகளில் பாதிக்கு மேல் "இளைப்புக்கு என்ன மருந்து?" என்ற ஒரே வரிதான். எந்த இளைப்பு என்று தெரியாமல் மருந்து சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. விவரத்தோடு எழுதியவர்களுக்கு மட்டும் இங்கே பதில்.

அப்பாவுக்கு 68 வயது. நாற்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். சிகரெட்டும் அதே அளவு. இப்போது கோயில் மேடு ஏறினாலே நின்று நின்று வருகிறார். எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றும் இல்லை என்றார்கள். "வயதாகிவிட்டது, விடு" என்கிறார்.

வயதானால் முடி நரைக்கும், கால் வலிக்கும். பாதி மேட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து மூச்சு வாங்குவதை வயதின் கணக்கில் எழுதாதீர்கள் தம்பி. எக்ஸ்ரே நுரையீரலின் படத்தைக் காட்டும். உள்ளே போன காற்று எவ்வளவு சிரமப்பட்டு வெளியே வருகிறது என்பதைக் காட்டாது. அதற்கு ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் சோதனை இருக்கிறது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், முதல் ஒரு விநாடியில் வெளியேறும் காற்று மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே நின்றால், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்பார்கள். ஆஸ்பத்திரியில் சி.ஓ.பி.டி. என்று எழுதுவார்கள். முதலில் சுகாதார கிளினிக்கில் கேளுங்கள். அங்கே வசதி இல்லையென்றால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார்கள்.

என் அம்மா சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. அவருக்கும் அதே நோய் என்கிறார்கள். நம்புவதா?

நம்பலாம். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டு அடுப்படியை நினைத்துப் பாருங்கள். ஈரம் காயாத ரப்பர் கட்டை, ஒரே ஒரு சன்னல், ஊதுகுழலை வாயில் வைத்துக் குனிந்து ஊதுகிற பெண். ஊதி முடித்து அடுத்த மூச்சை எங்கிருந்து இழுப்பார்? அந்தப் புகையிலிருந்துதான். இப்படி இருபது முப்பது வருடம். சிறு வயதில் சரியாகக் கவனிக்காத ஆஸ்துமா, முன்பு வந்து போன காசநோய் இவையும் பின்னாளில் இங்கே கொண்டுவந்து விடும். புகைத்தீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுபவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. என்ன அடுப்பில் சமைத்தீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

எனக்கு 34 வயது, சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா. மூச்சு முட்டும்போது வாயில் அடிக்கிற நீல பம்ப் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடுகிறது. முடியாதபோது கிளினிக்கில் கேஸ் (முகமூடி வழியே புகைபோல் வரும் மருந்து) இழுத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். இது போதுமா அண்ணா?

போதாது. இத்தனை சீட்டுகளில் என்னை அதிகம் பயமுறுத்தியது உங்களுடையதுதான். ஒரு நீல பம்பில் 200 முறை அடிக்க மருந்து இருக்கும். இரண்டு வாரத்தில் காலி என்றால் நாளுக்கு 14 முறை. நீலம் இறுகிய குழாயைக் கொஞ்ச நேரம் தளர்த்தும். உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. கூரை ஒழுகும்போது வாளி வைக்கிற கதைதான். வீக்கத்தைத் தணிப்பது உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு. நீல பம்ப் மட்டும் வைத்து ஆஸ்துமாவைச் சமாளிக்கக் கூடாது என்று 2019 முதல் உலக வழிகாட்டுதலே சொல்கிறது. ஸ்டீராய்டு என்றதும் பயப்பட வேண்டாம். மூச்சில் போகும் அளவு மிகச் சிறியது. இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள், வாய்ப்புண் வராது.

பம்ப் பிடிக்கும் விதத்தையும் பாருங்கள். ஒரு பெரியவர் என் முன்னால் செய்து காட்டினார்: வாயைத் திறந்தார், செண்ட் அடிப்பதுபோல் நாக்கில் இரண்டு முறை அடித்தார், விழுங்கினார். நுரையீரலுக்குத் துளியும் போகவில்லை. குலுக்க வேண்டும். மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும். உதட்டால் கவ்வி, அழுத்திக்கொண்டே மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். கை ஒத்துழைக்காவிட்டால் பம்புக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் ஸ்பேசர் குழாயைக் கேட்டு வாங்குங்கள்.

ஒருவர் பொட்டலத்தில் மாத்திரை விற்கிறார். "மூலிகை" என்கிறார். இரண்டு நாளில் மாமாவுக்கு இளைப்பு நின்றுவிட்டது, பசியும் எடுக்கிறது. தொடரலாமா?

முகம் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். இப்படி மாயமாகக் கேட்கும் பெயரில்லாப் பொட்டலங்களில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்பது இந்த நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு மாமாவை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

மூன்று வாரமாக இருமல், இரவில் வியர்வை, உடம்பும் இளைக்கிறது. மகளுக்குச் சம்பந்தம் பேசுகிற நேரம், அதனால் கிளினிக் பக்கம் போகத் தயக்கமாக இருக்கிறது.

நாளைக்கே போய்ச் சளியைக் கொடுங்கள் அம்மா. காசநோயாக இருந்தால் பெரும்பாலும் ஆறு மாத மாத்திரையில் குணமாகும். மறைத்து வைத்தால் சம்பந்தி வீட்டாரை விட முதலில் அந்த மகளுக்குத்தான் தொற்றும்.

தாத்தாவுக்கு வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைக்கச் சொன்னார்கள். மூச்சு வாங்கும்போது மட்டும் போட்டால் போதுமா? கூட்டி வைத்தால் சீக்கிரம் தேறுவாரா?

இரண்டும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் எப்போதும் குறைந்தே இருப்பவர்களுக்கு, அதாவது ஓய்விலும் 88 சதவீதம் அல்லது அதற்குக் கீழே நிற்பவர்களுக்கு, நாளுக்கு 15 மணி நேரமாவது போட்டால்தான் ஆயுள் நீளும். சி.ஓ.பி.டி. முற்றியவருக்கு அளவை நீங்களே கூட்டினால் கரியமில வாயு தேங்கி மயங்கிவிடலாம். இன்னொன்று: குழாய் மூக்கில் இருக்கும்போது தாத்தா சாமி விளக்கை ஏற்றக் கூடாது, சாம்பிராணித் தட்டை ஏந்தக் கூடாது. ஆக்சிஜன் பட்ட துணியும் தாடியும் பற்றிக்கொள்ளும் வேகம் தனி.

முதல் கேள்வி கேட்டவன்தான். ஊதும் சோதனைக்குத் தேதி கிடைத்துவிட்டது. அப்பா, "இனிமேல் சிகரெட்டை விட்டு என்ன ஆகப்போகிறது?" என்கிறார்.

போன நுரையீரல் திரும்பாது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் விட்ட நாளிலிருந்து தேய்கிற வேகம் குறையும். எந்த பம்பும் அந்த அளவுக்குச் செய்யாது. சோதனைக்கு முன் எந்த பம்பை எத்தனை மணி நேரம் நிறுத்துவது என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். நீலத்தை வழக்கமாக நான்கு முதல் ஆறு மணி நேரம் நிறுத்தச் சொல்வார்கள். மூச்சு முட்டினால் மட்டும் காத்திருக்காமல் அடித்துக்கொள்ளட்டும். வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், இறுக்கமான பெல்ட் வேண்டாம். அன்று காலை சிகரெட் கூடவே கூடாது.