மகள் கடல் சூழலியல் படிக்க வேண்டும் என்கிறாளா?

அம்மா, உங்கள் கடிதத்தில் "வேலை கிடைக்குமா" என்ற கேள்வி நான்கு இடத்தில் வருகிறது. "அவளுக்கு நீச்சலே தெரியாதே" என்பது ஒரே இடத்தில். சின்னதை முதலில் முடித்துவிடுகிறேன்.

நீச்சலைக் கற்றுக்கொள்ளலாம், கற்கத்தான் வேண்டும். ஆனால் கடல் சூழலியல் என்றாலே முக்குளிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அலையாத்திக் காட்டுச் சேற்றில் முழங்கால் புதைய நின்று நாற்றுகளை அளப்பவர், நுண்ணோக்கியில் மிதவை உயிரிகளை எண்ணுபவர், செயற்கைக்கோள் படத்தில் கடற்புல் படுகையின் எல்லையை வரைபவர், எல்லோருமே இந்தத் துறைக்காரர்கள்தான்.

சரி, வேலைக்கு வருகிறேன். இளங்கலையோடு நிறுத்தினால் ஆய்வுப் பணி கிடைப்பது கடினம். முதுகலை வேண்டும், சொந்தமாக ஓர் ஆய்வை நடத்த முனைவர் பட்டமும் வேண்டும். இருபதுகளின் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். இடையில் கிடைக்கும் திட்ட உதவியாளர் வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள். நிதி நின்றால் வேலையும் நின்றுவிடும். இதைத் தாங்க வீட்டில் முடியுமா என்று அவளை உட்காரவைத்து இப்போதே பேசுங்கள்.

அதே சமயம், பேராசிரியர் நாற்காலி ஒன்றுதான் இலக்கு என்றும் இல்லை. துறைமுகமோ கடற்காற்றாலையோ கட்டுவதற்கு முன் அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று கணக்கெடுக்க ஆள் வேண்டும். மீன்வளத் துறைகளுக்கும், பவளப்பாறை, அலையாத்தி மீட்புத் திட்டங்களுக்கும் வேண்டும். இந்த இடங்களில் புள்ளியியலும் வரைபட மென்பொருளும் தெரிந்தவருக்குத்தான் முதல் அழைப்பு. கணக்குக்குப் பயந்து உயிரியல் எடுத்த பிள்ளைகள் பிறகு இங்கே திணறுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். இளங்கலையில் விலங்கியலோ தாவரவியலோ அகலமாகப் படிக்கட்டும், கூடவே புள்ளியியலும், தரவைக் கணக்கிட உதவும் ஆர் (R) என்ற நிரல்மொழியும். கடலை முதுகலையில் பிடித்துக்கொள்ளலாம்.

இந்த வேலை எப்படிப்பட்டது என்று அவளுக்குக் காட்ட அமெரிக்கச் சூழலியலாளர் ராபர்ட் பெய்ன் செய்ததைச் சொல்லுங்கள். 1963இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரைப் பாறை ஒன்றில் இருந்த நட்சத்திர மீன்களைப் பெயர்த்துக் கடலுக்குள் எறிந்தார். எறிந்ததோடு விடவில்லை. மறுபடி மறுபடி போய், வந்ததையெல்லாம் அகற்றி, மீதி உயிர்களை எண்ணினார். தின்பதற்கு ஆள் இல்லாததால் மட்டிகள் பெருகிப் பாறையைப் பிடித்துக்கொண்டன. 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 மிஞ்சின. 1966இல் அதை வெளியிட்டார். சில முக்கிய இனங்களில் ஒன்றை எடுத்தாலே மொத்தமும் சரியும் என்ற புரிதலுக்கு அந்தப் பாறைதான் அடித்தளம். ஒரே பாறை, திரும்பத் திரும்ப எண்ணுவது. துறையின் உயிர் அதில்தான் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

ஆகவே கல்லூரி விண்ணப்பத்துக்கு முன் ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். அரை மீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டம் ஒன்று, பென்சில், குறிப்பேடு. பேனா வேண்டாம், ஈரத்தில் மை கலைந்துவிடும். கடல்நீர் வற்றும் நேரத்தில் பாறைமேல் சட்டத்தை வைத்து, உள்ளே இருக்கும் நத்தை, சிப்பி, பாசி எல்லாவற்றையும் எண்ணி எழுத வேண்டும். வற்றும் நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். கடல்நீர் ஏறி வற்றும் நேர அட்டவணை பார்த்து, துணையோடு போகட்டும். கடல் பக்கத்தில் இல்லையென்றால் குளக்கரை போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே இடம், ஆறு முறை.

முதல் நாள் எல்லோருக்கும் பிடிக்கும். நான்காம் முறை சலித்துக்கொள்கிறாளா, இல்லை "போன தடவை இங்கே இருந்த நத்தையெல்லாம் எங்கே போச்சு?" என்று கேட்கிறாளா என்று பாருங்கள். ஆறு முறை முடிந்ததும் அந்தக் குறிப்பேட்டோடு அவளை அழைத்து வாருங்கள். எந்தப் படிப்பு என்பதை அதை வைத்துப் பேசுவோம்.