அப்பாவின் ஸ்கூட்டர் கம்ப்யூட்டரில் இல்லை!

வாகனப் பதிவு: வாசகர் கேள்வி - பதில்
(வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.)

அப்பாவின் பஜாஜ் சேட்டக் 1996-ல் வாங்கியது. டி.என். 72 நம்பர். அப்பா போன வருஷம் தவறிவிட்டார். அம்மாவுக்கு வண்டியை விற்க மனமில்லை, என் பேருக்கு மாற்றச் சொல்கிறார். அரசின் வாகன விவரத் தளமான பரிவாகனில் நம்பரைப் போட்டால் விவரம் இல்லை என்றே வருகிறது. என்ன செய்வது?
- ஒரு வாசகி, தென்காசி

பயப்படாதீர்கள் அம்மா, வண்டி எங்கேயும் போய்விடவில்லை. அப்போதெல்லாம் நாங்கள் இருவர் சேர்ந்தால்தான் தூக்க முடிகிற பதிவேட்டில் பேனாவால் எழுதி வைப்போம். ஒரு வண்டிக்கு ஒரு பக்கம். பேர் மாற்றம், கடன், முகவரி எல்லாம் அதே பக்கத்தில் சிவப்பு மையில் ஏறும். கம்ப்யூட்டர் வந்தபோது எல்லாப் பக்கங்களையும் யாரும் ஏற்றிவிடவில்லை. ஏதாவது ஒரு வேலையாக ஆபீசுக்கு வந்த வண்டிகள் முதலில் ஏறின. வராதவை பதிவேட்டிலேயே தங்கிவிட்டன. இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. கம்ப்யூட்டர் வந்த பிறகு உங்கள் அப்பா அந்தப் பக்கம் வரவே இல்லை. அப்படியானால் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றும் நின்று போயிருக்கும். சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம், அதாவது 2011 வரை. அதற்கப்புறம் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

முதலில் ஆக வேண்டியது 'பேக்லாக் என்ட்ரி', அதாவது பழைய பதிவேட்டில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. உள்ளூர் ஆபீசுக்குப் போய் அலையாதீர்கள். வண்டி எங்கே பதிவானதோ, அங்கேதான் பதிவேடு இருக்கும். அசல் ஆர்.சி. புக்கை எடுத்துப் போங்கள். பதிவேட்டையும் புக்கையும் ஒப்பிட்டுப் பார்த்து 'வாகன்' மென்பொருளில் ஏற்றுவார்கள். போவதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு வேலை இருக்கிறது. வண்டியின் உடலில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பர் மேல் படிந்திருக்கும் கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். அந்த அச்சை ஆர்.சி. புக்கோடு ஓர் எழுத்து விடாமல் சரிபாருங்கள். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், என் கையெழுத்தாலேயே ஒருவர் அலைந்திருக்கிறார். நான் 8 போட்டால் இடது பக்கம் கொஞ்சம் திறந்தே இருக்கும். தட்டச்சு செய்த பையன் அதை 3 என்று அடித்துவிட்டான். அவன் மேல் தப்பில்லை. தளத்தில் எந்த வேலைக்கும் சேசிஸ் நம்பரின் கடைசி 5 எழுத்தைக் கேட்கும். அவர் சரியாகப் போடப் போட, தவறு என்றே வந்துகொண்டிருந்தது. கடைசியில் பதிவேட்டைத் திறந்து பார்த்தால் என் 8!

பெயரையும் கவனியுங்கள். புக்கில் முன்னால் இனிஷியல் இருக்கும், ஆதாரில் அதே இனிஷியல் பின்னால் போய் முழுப் பெயராக நிற்கும். இறப்புச் சான்றிதழில் மூன்றாவது விதமாக இருக்கும். மூன்றும் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் படிவம் 31. இது உரிமையாளர் இறந்தால் வாரிசு பேருக்கு மாற்றுவதற்கானது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் உடன்பிறந்தவர்களும் ஆட்சேபமில்லை என்று எழுதித் தரும் கடிதம் இவையெல்லாம் வேண்டும். இறந்த 30 நாளுக்குள் தகவல் தர வேண்டும், 3 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் தாண்டிவிட்டீர்கள், அபராதம் கட்ட வேண்டியிருக்கும். புதுப்பித்தலுக்கு வண்டியை நேரில் காட்ட வேண்டும், பசுமை வரியும் உண்டு. இன்சூரன்ஸ் போட்டு, பிரேக், ஹார்ன், விளக்கு எல்லாம் பார்த்துவிட்டுக் கொண்டு போங்கள்.

பைக்கை விற்று 3 வருஷம் ஆகிறது. பேர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு வாங்கியவரிடமே கொடுத்துவிட்டேன். இப்போது ஹெல்மெட் போடாத அபராதம் என் போனுக்கு வருகிறது.
- ஒரு வாசகர், திண்டுக்கல்

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் என்றைக்குத்தான் ஒழியுமோ! விற்றவர் 14 நாளுக்குள் தானே தகவல் தர வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 50. ஹெல்மெட் அபராதத்தோடு போனால் அதிர்ஷ்டம். 2007-ல் விற்ற ஒரு கார் கை மாறிக் கை மாறி 2009-ல் விபத்தில் சிக்கியது. பேர் மாறாததால் முதலில் விற்றவரே உரிமையாளர், நஷ்ட ஈடும் அவர் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வண்டியை ஒப்படைத்ததற்கு எழுதி வாங்கிய டெலிவரி நோட் இருக்கிறதா? அதன் நகல், வாங்கியவரின் அடையாளச் சான்று, விற்ற தேதி எல்லாம் வைத்துப் பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாங்கியவரையும் தேடிப் பிடியுங்கள், அவர் வராமல் பேர் மாறாது. அடுத்த வண்டியைப் பழைய வண்டி வியாபாரியிடம் கொடுத்தால், அவர் அங்கீகாரச் சான்று பெற்றவரா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் முதல் இதற்கு விதி வந்திருக்கிறது. ஒப்படைத்த தகவலைத் தளத்திலேயே பதிவு செய்தால், அதற்குப் பிறகு வண்டிக்கு வியாபாரிதான் பொறுப்பு.

ஆர்.சி.யைப் போனில் காட்டினால் போலீஸ் ஏற்பார்களா? புக் இனி எதற்கு?
- ஒரு வாசகர், கரூர்

டிஜிலாக்கரில் அல்லது எம்பரிவாகன் செயலியில் காட்டினால் ஏற்க வேண்டும். 2018-ல் விதி 139-ஐத் திருத்தியாயிற்று. கேலரியில் இருக்கும் போட்டோ, வாட்ஸ்அப்பில் வந்த படம் எல்லாம் கணக்கில் வராது.

ஆனால் செயலியைத் திறந்தால் கடன் விவரம் இருக்கும் கட்டத்தையும் ஒருமுறை பாருங்கள். என் காரின் கடனை 2009-லேயே அடைத்துவிட்டேன். நிதி நிறுவனம் தந்த என்.ஓ.சி. என்கிற ஆட்சேபமில்லாச் சான்றையும், கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-ஐயும் பீரோவில் பத்திரமாக வைத்தேன், ஆபீசில் கொடுக்கவில்லை. ஊருக்கெல்லாம் எச்.பி. கேன்சல், அதாவது கடன் பதிவு நீக்கம், செய்து கொடுத்தவன் நான்! காரை விற்கப் போனபோது கம்ப்யூட்டரில் கடன் அப்படியே நின்றது. அதற்குள் அந்த நிறுவனம் வேறொன்றோடு இணைந்திருந்தது. பழைய தாளின் கெடுவும் முடிந்திருந்தது. புது என்.ஓ.சி. வாங்க நான்கு முறை நடந்தேன். நான்காவது முறை கேட்டது, கடன் அடைத்த அசல் ரசீது. அது பழைய ஆர்.சி. புக்கின் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்த இடத்திலேயே இருந்தது.