நீடூரில் ஓதிவிட்டு ஜெர்மனியில் இறையியல்: புதிதாக வந்த தம்பிக்கு

வ அலைக்கும் ஸலாம் தம்பி.

நீடூர் மதரஸாவில் ஓதி ஸனது (சான்றிதழ்) வாங்கி, திருச்சி ஜமால் முகமதுவில் அரபி பி.ஏ. முடித்து, இப்போது ஜெர்மனியில் மூன்ஸ்டர் நகரில் ஜெர்மன் வகுப்புக்குப் போய்க்கொண்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். இஸ்லாமிய இறையியலில் முதுகலை, பிறகு கிறிஸ்தவ–முஸ்லிம் உரையாடலில் முனைவர் பட்டம் என்று திட்டம். கேட்டது மூன்று. இதில் பிழைப்பு உண்டா? பாதிரியார்களோடு உட்கார்ந்து படித்தால் ஈமான் (இறைநம்பிக்கை) ஆட்டம் கண்டுவிடுமா? "தீனை (மார்க்கத்தை) வெள்ளைக்காரனிடம் போய்த்தான் கற்க வேண்டுமா" என்று கேட்கும் அத்தாவுக்கு என்ன சொல்வது? நான் ஜெர்மனியிலிருந்து லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன், மயிலாடுதுறைப் பக்கம். நேரம் இருக்கிறது, விரிவாகவே எழுதுகிறேன்.

பிழைப்பை முதலில் பேசிவிடலாம். 2010இல் ஜெர்மன் அறிவியல் மன்றம் பரிந்துரை செய்த பிறகுதான் அரசுப் பல்கலைக்கழகங்களில் இஸ்லாமிய இறையியல் துறைகள் வந்தன. டூபிங்கன், மூன்ஸ்டர், ஒஸ்னாப்ரூக், பிராங்க்பர்ட், எர்லாங்கன் முதலில். பெர்லினும் பாடர்போர்னும் பின்னால். துறை இளையது, பேராசிரியர் இடங்கள் மிகக் குறைவு. முனைவர் ஆய்வாளருக்கு அரசு ஊதிய அட்டவணையின் 13ஆம் நிலையில் வேலை தருவார்கள், ஆனால் மனிதவியல் துறைகளில் முழு நேரமாகக் கிடைப்பது அபூர்வம். பாதி, அல்லது மூன்றில் இரண்டு பங்கு. பட்டத்துக்கு முன் ஆறு வருடம், பின் ஆறு வருடம் என்று ஒப்பந்த வேலைக்குச் சட்டம் எல்லை போட்டிருக்கிறது. அதற்குள் நிரந்தர இடம் அமையாவிட்டால் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேற வேண்டியதுதான். பள்ளியில் இஸ்லாமிய மதபோதனை ஆசிரியர் ஆவது இன்னும் உறுதியான வழி. மூன்ஸ்டர் இருக்கும் மாநிலத்தில் 2012 முதல் அது முறையான பாடம். ஆனால் அதற்கு இரண்டாவது பாடம் ஒன்றும் படிக்க வேண்டும், பயிற்சிக் காலமும் உண்டு, முஸ்லிம் அமைப்புகளின் ஒப்புதலும் வேண்டும். மருத்துவமனை, சிறைச்சாலை ஆறுதல் பணியை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்பியே ஆக வேண்டிய நிலை இருந்தால் யோசித்து இறங்குங்கள். வளைகுடாவில் இரண்டு வருடத்தில் சேர்ப்பதை ஜெர்மனியில் ஆறு வருடத்திலும் சேர்க்க முடியாது. இதை மறைத்துப் பேசுவது உங்களுக்குச் செய்யும் துரோகம்.

மொழியில் அவசரப்படாதீர்கள். சி1 என்ற உயர்நிலை ஜெர்மன் சான்றிதழ் கையில் வந்ததும் போதும் என்று தோன்றும். நாற்று தேறாமல் பிடுங்கி நட்டால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கருத்தரங்கில் எதிராளி அரை வாக்கியத்தில் நிறுத்தும்போது மீதி அரை வாக்கியம் உங்களுக்குப் புரிந்தாக வேண்டும்.

இப்போது ஈமான் கேள்வி. இதற்குத்தான் நான் நின்று பதில் சொல்ல வேண்டும்.

ஜெர்மனியில் எங்கள் கருத்தரங்கு ஒன்றில் ஒரு பயிற்சி வைப்போம். கத்தோலிக்க இறையியல் மாணவியும் முஸ்லிம் மாணவரும் எதிரெதிரே உட்காருவார்கள். முஸ்லிம் மாணவர் கிறிஸ்தவர்களின் திரித்துவக் கொள்கையைச் சொல்ல வேண்டும். அந்தப் பெண் "ஆமாம், நாங்கள் நம்புவது இதுதான்" என்று தலையாட்டும் வரை சொல்ல வேண்டும். ஒரு மாணவர் "நீங்கள் மூன்று கடவுள்களை..." என்று ஆரம்பித்தார். அந்தப் பெண் கோபப்படவில்லை, "இல்லை" என்று மட்டும் சொன்னார். திரும்ப ஆரம்பித்தார். திரும்பவும் இல்லை. வகுப்பு முடிகிற வரையில் அவரால் அந்த ஆமாமை வாங்க முடியவில்லை. அடுத்த வாரம் அந்தப் பெண்ணின் முறை: அல்லாஹ்வின் ஸிஃபாத்தை, அதாவது பண்புகளை, நமக்கு ஒப்பும்படி சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணும் அப்படித்தான் திணறினார். ஏழு, எட்டு என்று பண்புகளைப் பட்டியல் போட்டார். "அப்படியானால் இவை அனாதியானவையா, தொடக்கமே இல்லாதவையா? அல்லாஹ்வைத் தவிர வேறு அனாதிகள் உண்டா?" என்று எதிரே இருந்தவர் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

தம்பி, இந்த இடம் உங்களுக்குப் புதிதல்ல. நஸஃபியின் கொள்கைச் சுருக்கத்துக்குத் தஃப்தாஸானி எழுதிய விரிவுரையான ஷரஹுல் அகாயித் ஓதியிருப்பீர்கள். ஸிஃபாத் பற்றி நஸஃபி சொல்வது நினைவிருக்கும்: அவை அவனும் அல்ல, அவன் அல்லாதவையும் அல்ல. அதே இடத்தில் தஃப்தாஸானி நஸாராக்களை, அதாவது கிறிஸ்தவர்களைப் பற்றிப் பேசுகிறார். உள்ளமை, அறிவு, உயிர் என்ற மூன்று அக்னூம்களை (இறைவனின் மூன்று நிலைகளை) அவர்கள் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்கிறார்கள். வாயால் சொல்லாவிட்டாலும் வெவ்வேறான அனாதிகள் இருப்பதாக அது ஆகிவிடும் என்பது அவர் வாதம். ஓதித்தந்த ஹஜ்ரத் அதை இரண்டு வரியில் கடந்து போயிருப்பார், பாடம் முடிக்க வேண்டிய அவசரம் இருந்திருக்கும். ஆனால் அந்த இரண்டு வரிக்குப் பின்னால் சில நூற்றாண்டுகளின் விவாதம் இருக்கிறது. பக்தாதில் கிறிஸ்தவர்கள் அரபியிலேயே எழுதினார்கள், முஸ்லிம்கள் அரபியிலேயே மறுத்தார்கள். அல்ஃபாராபியிடம் படித்த யஹ்யா இப்னு அதீ, 974இல் இறந்தவர், திரித்துவத்துக்காகத் தர்க்க முறையில் எழுதிய கிறிஸ்தவர். அதற்கும் முன்னால், 781 வாக்கில், கலீஃபா அல்மஹ்தியின் அவையில் கிழக்குத் திருச்சபையின் தலைவர் முதலாம் திமொத்தேயு உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னார். உங்கள் மதரஸா பாடத்தின் மறுபக்கத்தைத்தான் நீங்கள் ஜெர்மனியில் படிக்கப் போகிறீர்கள்.

அதனால் நான் சொல்வது ஒன்றே. இந்த வேலைக்கு வருகிறவர் தன் அகீதாவை (மார்க்கக் கொள்கையை) நுனிப்புல் மேய்ந்தவராக இருக்கக் கூடாது. ஈமான் ஆட்டம் காண்பதை நான் பார்த்தது அப்படிப்பட்டவர்களிடம்தான். எல்லாம் ஒன்றுதானே என்று சிரித்துக்கொண்டே வந்து, முதல் கடினமான கேள்வியில் கையில் ஒன்றும் இல்லாமல் நின்றவர்கள். அடுத்தவர் மார்க்கத்தை அதன் மிக வலுவான வடிவத்தில் கற்றவருக்குத் தன் மார்க்கத்தை இன்னும் ஆழமாக ஓத வேண்டும் என்ற பசிதான் வரும்.

கிறிஸ்தவ–முஸ்லிம் உரையாடல் அறிஞர் மஹ்மூத் அய்யூபின் வாழ்க்கையைத் தேடிப் படியுங்கள். 1935இல் தென் லெபனானில் ஒரு ஷியா குடும்பத்தில் பிறந்தவர், கண் பார்வை இல்லாதவர். மிஷனரிகள் நடத்திய பார்வையற்றோர் பள்ளியில் படித்து, இளமையில் கிறிஸ்தவராகி, பிறகு இஸ்லாத்துக்கே திரும்பினார். 1975இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம். ஷியாக்கள் இமாம் ஹுசைனுக்காக அனுசரிக்கும் ஆஷூரா துக்கத்தையும், அந்தத் துன்பம் மீட்புக்கு வழியாவதையும் பற்றிய ஆய்வு. பிலடெல்பியாவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் இருபது வருடம், அதன் பிறகு ஹார்ட்போர்ட் இறையியல் கல்லூரி. 2021இல் மவ்த்தானார். இரண்டு பக்கத்தையும் உள்ளே இருந்து அறிந்த அவர், வேறுபாட்டை மழுப்பவில்லை. குர்ஆன் விரிவுரையாளர்களை வசனம் வசனமாக எடுத்து வைத்துக் கற்பித்தவர் அவர். அவ்வளவு பொறுமை எனக்கு இன்னும் வரவில்லை.

மேடைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நீங்கள் வந்து இறங்கிய கொஞ்ச நாளிலேயே சர்ச்சில், நகராட்சியில், மதநல்லிணக்க மாலைகளுக்குக் கூப்பிடுவார்கள். தொப்பியும் தாடியும் உள்ள ஒரு இந்திய முஸ்லிம் அவர்களுக்கு அரிது. நல்ல மனதோடுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் சில வருடம் படிக்கும் முன் மேடை ஏறாதீர்கள். அங்கே நாகூரையும் வேளாங்கண்ணியையும் பற்றித்தான் கேட்பார்கள். தஞ்சாவூர் மன்னர் பிரதாப் சிங் நாகூர் தர்ஹாவில் பெரிய மனாரா கட்டியதும், செப்டம்பர் 8 திருவிழாவுக்கு வேளாங்கண்ணிக்கு எல்லா மதத்தவரும் நடந்து போவதும் உண்மை, நமக்குப் பெருமை. அதை வைத்து நம் ஊரில் பிரச்சினையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தர்ஹாவுக்குப் போகலாமா கூடாதா என்பதில் நம் வீடுகளுக்குள்ளேயே அண்ணன் தம்பி பேசாமல் இருக்கிறார்கள். ஒரு தரப்பை எடுத்து இதுதான் தமிழ் இஸ்லாம் என்று வெளிநாட்டில் விற்பது நியாயமில்லை.

ஆய்வுத் தலைப்பு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். இப்போதே மனதில் ஒன்றைப் போடுகிறேன். 1706 ஜூலையில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். அங்கிருந்து மிஷனரிகள் எழுதி அனுப்பிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கே நிறுவனத்தில் இருக்கின்றன. 1710 முதல் அவை அச்சிலும் வந்தன. நம் கடற்கரை முஸ்லிம்களைப் பற்றி அவற்றில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வாசிக்க, தமிழும் அரபியும் பழைய ஜெர்மன் கையெழுத்தும் தெரிந்த ஒருவர் வேண்டும். இப்படிப்பட்டவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? போன வாரம் தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயத்துக்கு எதிரே நின்றபோது உங்கள் கடிதம்தான் நினைவில் ஓடியது. பழைய கையெழுத்துப் பயிற்சியைப் பல்கலைக்கழகங்களில் தருகிறார்கள், முதுகலையிலேயே சேர்ந்துவிடுங்கள்.

அன்றாட வாழ்க்கையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளிவாசல்கள் பெரும்பாலும் துருக்கியர் நடத்துபவை, ஹனஃபி முறை. நீங்கள் ஷாஃபி முறை என்றால் பழகிய குனூத் துஆ அங்கே ஃபஜ்ரில் (விடிகாலைத் தொழுகையில்) இருக்காது. இமாமோடு சண்டை போட வேண்டாம். ஜூனில் இஷா (இரவுத் தொழுகை) நள்ளிரவை ஒட்டி வரும், காலை வகுப்புக்கு ஏற்றபடி தூக்கத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். மாணவர் விசாவில் ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம், அதைத் தாண்டாதீர்கள்.

கடைசியாக அத்தா. அவரிடம் பல்கலைக்கழகப் பெயர்களைச் சொல்லிப் பயனில்லை. நஜ்ரான் கிறிஸ்தவர்கள் மதீனாவுக்கு வந்ததைச் சொல்லுங்கள். ரசூலுல்லாஹ் தம் பள்ளிவாசலுக்குள் வந்த அவர்களை அங்கேயே தங்கள் வணக்கத்தைச் செய்ய அனுமதித்தது ஸீரா (நபி வரலாற்று) நூல்களில் இருக்கிறது. குர்ஆனின் ஆலு இம்ரான் சூராவின் முற்பகுதி அந்தச் சந்திப்பை ஒட்டி இறங்கியது என்பார்கள். அவருக்கு ஓதிய பழக்கம் இருந்தால் உடனே பிடித்துக்கொள்வார். அந்த சூராவின் 64ஆம் வசனத்தை முன்வைத்துத்தான் 2007இல் 138 முஸ்லிம் அறிஞர்கள் போப்புக்கும் மற்ற திருச்சபைத் தலைவர்களுக்கும் திறந்த கடிதம் எழுதினார்கள். பேசியவர்கள் யாரும் தங்கள் தீனை விட்டுக்கொடுக்கவில்லை.

அதற்கும் அவர் சமாதானமாகாவிட்டால் வீட்டு விலாசத்தை அனுப்புங்கள். நீடூர் இங்கிருந்து பக்கம்தான்; இந்த மாதக் கடைசி வரை ஊரில் இருப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நானே வந்து அவரோடு உட்கார்ந்து பேசுகிறேன்.