கடவுச்சொல் சரி, ஆனாலும் ராஸ்பெர்ரி பை உள்ளே விடவில்லையா?

வணக்கம் நண்பரே. கோலாலம்பூர் லோ யாட் கடைவளாகத்தில் வாங்கிய கீபோர்டை, ரெட்ரோபை (பழைய வீடியோ கேம் ஆட உதவும் மென்பொருள்) ஓடும் ராஸ்பெர்ரி பை குட்டிக் கணினியில் மாட்டிக் கடவுச்சொல்லை மாற்றினீர்கள், இப்போது லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியாக இன்னொரு கணினிக்குள் நுழையும் முறை) போட்டால் 'பெர்மிஷன் டினைட்' என்கிறது. சரிதானே?

முதலில் ரவுட்டரை நோண்டுவதை நிறுத்துங்கள். கடவுச்சொல் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது என்றால் நெட்வொர்க்கும் எஸ்எஸ்எச்சும் நன்றாகவே இருக்கின்றன. எஸ்எஸ்எச் அணைந்திருந்தால் 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்' என்றுதான் வரும்.

உங்கள் கடவுச்சொல்லில் @ இருக்கிறதா? என் சந்தேகம் அங்கேதான். ரெட்ரோபையின் இயல்பான கீபோர்டு அமைப்பு பிரிட்டிஷ் முறை. நம் ஊரில் விற்பதெல்லாம் அமெரிக்க முறை. ஷிஃப்டோடு 2-ஐ அழுத்தினால் @ வராது, " வரும். கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாததால் கண்ணில் படாமல் போய்விடும். நானும் ஒரு ராத்திரி முழுக்க இதோடு மல்லுக்கட்டி, கடைசியில் பையின் எஸ்டி கார்டையே அழித்துத் தொலைத்தேன்!

ரெட்ரோபையின் கேம் பட்டியல் திரையான எமுலேஷன்ஸ்டேஷனில் எஃப்4 அழுத்தி வெளியே வந்து, கட்டளை வரியில் @ அடித்துப் பாருங்கள். " விழுந்தால் அதுதான் ஆள். லேப்டாப்பில் @ இருக்கும் இடத்தில் " போட்டு நுழையுங்கள், கதவு திறக்கும். அப்புறம் ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் லோக்கலைசேஷன் பகுதிக்குப் போய்க் கீபோர்டை யுஎஸ் ஆக்கிவிட்டு, கடவுச்சொல்லைப் புதிதாக வையுங்கள். பழையதைக் கேட்கும்போது மட்டும் மறக்காமல் " போட வேண்டும்.

@ இல்லவே இல்லை என்றால் சொல்லுங்கள், வேறு வழி பார்ப்போம்.