இரும்புத் தாதுத் துறையில் தொழில்நுட்பம் கொண்டுவந்த பெரிய மாற்றம் எது? சிங்கப்பூரில் இருந்துகொண்டே இந்தத் துறைக்குள் வர முடியுமா?

வரலாம், நானே அப்படி வந்தவன்தான். ராஃபிள்ஸ் பிளேஸில் ஒரு சின்ன வணிக அலுவலகத்தில் தாதுக் கப்பல்களின் பத்திரங்களைச் சரிபார்ப்பது என் வேலை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மூத்த அண்ணன் ஒருவர் இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, அதிலிருந்த தூளை என் உள்ளங்கையில் கொட்டினார். பார்க்க செம்மண்தான், ஆனால் கை தாழ்ந்துபோகும் அளவுக்குக் கனம். "ஈரம் தெரியுதா பாரு தம்பி" என்றார். தாதுவுக்கு விலை பேசுவது உலர்ந்த டன் கணக்கில். 170,000 டன் ஏற்றிய கப்பலில் ஈரப்பதம் 8 சதவீதம் என்றால் 156,400 டன்னுக்குத்தான் காசு. ஈரம் இன்னும் ஒரு சதவீதம் கூடினால் 1,700 டன் குறைந்துவிடும். டன் 100 அமெரிக்க டாலர் என்று வைத்தாலே 170,000 டாலர் போச்சு. கையைக் கழுவிய பிறகும் ரேகைகளில் சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

சரி, மாற்றத்துக்கு வருகிறேன். எல்லாரும் முதலில் சொல்வது ஓட்டுநர் இல்லாத லாரிகளை. மேற்கு ஆஸ்திரேலியாவின் தாதுப் பகுதியான பில்பாராவில் ரியோ டின்டோ என்ற சுரங்க நிறுவனம் அவற்றை 2008லேயே சோதித்தது. 2018 ஜூலையில் 28,000 டன் தாதுவோடு ஒரு ரயில் ஓட்டுநரே இல்லாமல் 280 கிலோமீட்டர் ஓடித் துறைமுகம் சேர்ந்தது. இவற்றைக் கண்காணிப்பவர்கள் 1,500 கிலோமீட்டர் தள்ளி பெர்த் நகரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெர்த்துக்கும் நமக்கும் கடிகாரம் ஒன்றுதான் என்பதால், அவர்கள் வேலை தொடங்கும்போது நாங்களும் தொடங்குகிறோம். விலை வைக்கும் முறையும் மாறியது. வருடத்துக்கு ஒருமுறை பேரம் பேசும் பழக்கம் 2010இல் முடிந்துபோனது. அதற்கு முந்தைய வருடமே சிங்கப்பூர்ப் பங்குச் சந்தை தாது ஒப்பந்தங்களுக்குக் கணக்குத் தீர்க்க ஆரம்பித்துவிட்டது.

ஆனால் என்னைக் கேட்டால், பெரிய மாற்றம் உலையில்தான் நடக்கிறது. தாது என்பது இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்தது. ஊது உலையில் அந்த ஆக்சிஜனைக் கரி பிடுங்குகிறது, கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. அதே வேலையை ஹைட்ரஜன் செய்தால் மிஞ்சுவது நீராவி. ஸ்வீடனின் லூலியோவில் 2021இல் இப்படி இரும்பு எடுத்துக் காட்டிவிட்டார்கள்.

சிக்கல் இதுதான்: ஊது உலையில் மண்ணும் கல்லும் உருகிக் கசடாகப் பிரிந்துவிடும். ஹைட்ரஜன் முறையில் தாது உருகுவதே இல்லை, அழுக்கு இரும்போடேயே தங்கிவிடுகிறது. அதனால் சுமார் 67 சதவீத இரும்புள்ள தாது வேண்டும். பில்பாராவிலிருந்து வருவது பெரும்பாலும் 60ஐ ஒட்டியது. உலகத்தில் அதிகம் கிடைக்கும் தாது, நாளைய உலைக்குப் பொருந்தாத தாதுவாகிவிடுமோ என்பது எனக்கு உண்மையான கவலை. இதற்குத்தான் சுரங்க நிறுவனங்களான பிஹெச்பி, ரியோ டின்டோவும் எஃகு நிறுவனமான புளூஸ்கோப்பும் 2024இல், இரும்பை உருக்கி அழுக்கைப் பிரிக்கும் மின்சார உலைக்காகக் கைகோத்தன. அது தேறினால் பில்பாரா தாதுவுக்கும் வழி பிறக்கும்.

அதனால் இந்தத் துறைக்கு வர நினைத்தால், சந்தை விலையை விரட்டுவதற்கு முன் கொஞ்சம் உலோகவியல் படியுங்கள். ஆய்வுச் சான்றிதழ் வந்தால் முன்பெல்லாம் நான் நேராக ஈரப்பதத்துக்குப் போவேன். இப்போது இரும்பு எத்தனை சதவீதம், அழுக்கான சிலிக்கா, அலுமினா எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் அங்கே வருகிறேன்.